லேஅவுட்காரர்கள் சேர்ந்து தனிக் குடிநீர் வாரியம் அமைக்க முடியுமா?

கேள்வி: சூலூர் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் குடியிருக்கிறோம். ஐந்தாறு வருடத்துக்குள் நான்கு லேஅவுட் வந்து வீடுகள் பெருகிவிட்டன. ஊராட்சிக் குழாய் பழைய ஊரோடு நின்றுவிடுகிறது, எங்களுக்கு டேங்கர் லாரிதான். டெக்சாஸில் இருக்கும் என் தம்பி, அங்கே குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டுத் தனி நீர் மாவட்டம் அமைத்துக்கொள்வதாகச் சொல்கிறான். இங்கே அதற்கு வழி உண்டா?

பதில்: தம்பி சொல்வது உண்மைதான். டெக்சாஸ் அரசியலமைப்பில் 1917-லேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அந்த நீர் மாவட்டம் கடன் பத்திரம் வெளியிடும், சொத்து வரியும் போடும். இங்கே நீங்களாகக் கூடி அப்படி ஓர் அமைப்பை உண்டாக்க முடியாது. 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம், சந்தா வாங்கலாம், வரி போட முடியாது.

அதற்காக மனம் தளர வேண்டாம். குடிநீர் தருவது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவில் கிராம ஊராட்சியின் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், அதுவும் வீட்டுக்குள் குழாயில். அந்தத் திட்டத்தில் ஊருக்கென்று ஒரு தண்ணீர்க் குழு உண்டு, 10 முதல் 15 பேர், அதில் பாதிப் பேர் பெண்கள். உங்கள் தெருக்காரர்கள் அதில் இடம் கேளுங்கள், நீங்கள் தேடுகிற வாரியத்துக்கு இங்கே கிட்டத்தட்ட ஈடானது அதுதான்.

எல்லாம் கிராம சபையில்தான் தொடங்க வேண்டும், லேஅவுட்காரர்கள் கோட்டை விடுவதும் அங்கேதான். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர், உங்களில் பலருக்கு ஓட்டு இன்னும் கோவை நகரத்தில்தான் இருக்கும், அப்படி இருந்தால் நீங்கள் எவ்வளவு பேர் போய் நின்றாலும் கணக்கில் வராது. முதலில் படிவம் 8 கொடுத்து ஓட்டை மாற்றுங்கள். அப்புறம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வரும் கூட்டங்களில் ஒன்றுக்கு எல்லோரும் போய், குழாய் நீட்டிப்புக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கேளுங்கள்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, யாரோ ஒருவர் மனையில் போர் போட்டுத் தொட்டி கட்டுவது. இப்படி வந்த தகராறுகளை நிறையப் பார்த்துவிட்டேன்: மனைக்காரர் இடத்தை விற்கிறார், வாங்கியவர் மோட்டாரை நிறுத்துகிறார், நாற்பது குடும்பம் குடத்தோடு தெருவில் நிற்கிறது. தொட்டி நிற்கும் இடம் பதிவான தானப் பத்திரம் மூலம் ஊராட்சி பெயருக்குப் போகட்டும். லேஅவுட்டின் அங்கீகார வரைபடத்தை வாங்கி, பொதுப் பயன்பாட்டுக்கென்று இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கியதைத் தொடாதீர்கள், வழக்கு வரும். நாளைக்கே ஊராட்சி பேரூராட்சியாகவோ மாநகராட்சியோடு இணைந்தோ போனாலும், ஊராட்சிச் சொத்து புதிய அமைப்புக்குப் போய்விடும். சங்கத்தின் பெயரில் இருந்தால் அந்தரத்தில் தொங்கும்.

தீர்மானம் போட்டும் நகராவிட்டால் அதன் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் மனு, அதற்குப் பதில் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி (30 நாளில் பதில் வர வேண்டும்), கடைசியாக உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு. அங்கே நீதிபதி முதலில் கேட்பது, யாரிடம் எப்போது மனு கொடுத்தீர்கள் என்பதைத்தான். அதனால் ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.