இன்னொரு தரகரின் வீட்டைக் காட்டும்போது

கேள்வி: வேறொரு தரகர் கையில் இருக்கும் வீட்டை என் பார்ட்டிக்கு (என் மூலம் வீடு வாங்க வந்தவருக்கு) காட்டப் போகிறேன். பிற்பாடு மனஸ்தாபம் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: சண்டை பெரும்பாலும் கமிஷனில்தான் வரும். பங்கு எவ்வளவு, யார் தருவார், எப்போது தருவார் என்பதை வீட்டைக் காட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஃபோனில் பேசினால், பேசியதைச் சுருக்கி அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். பார்ட்டியின் பெயரையும் பார்க்கும் தேதியையும் அதிலேயே குறித்துவிட்டால், ‘இவர் ஏற்கெனவே என்னிடம் வந்தவர்’ என்ற பேச்சு எழாது. உரிமையாளரிடம் நேரே விலை பேசாதீர்கள், அவரே அழைத்தாலும். பார்ட்டிக்கு வீடு பிடிக்கவில்லையா? அந்தத் தரகரிடம் காரணத்தோடு அன்றே தெரிவியுங்கள்: விலையா, வெளிச்சமா, பார்க்கிங்கா? உரிமையாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்ல அவருக்கு அந்தத் தகவல்தான் பிடிமானம். உங்கள் பார்ட்டி எவ்வளவு வரை ஏறுவார் என்பதை மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.