புது கியர் வந்தால் எதைக் கழற்றுவது? ஒரு கேள்வி பதில்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன்' என்ற ஆன்லைன் கேம் ஆடுபவர்கள் புது கியர் (கேரக்டருக்குப் போடும் ஆயுதம், கவசம், மோதிரம் போன்றவை) பற்றிக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. கேள்வி எதுவானாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதைப் போட்டால் எதைக் கழற்ற வேண்டும்?

பெல்ட்ல +13 ஸ்ட்ரெங்த் இருக்கு. இப்போ +15 மோதிரம் கிடைச்சிருக்கு. ரெண்டையும் போட்டும் 28 ஏறலையே அண்ணா?

ஏறாது தம்பி. இரண்டும் என்ஹான்ஸ்மென்ட் வகை போனஸ். ஒரே வகையில் இரண்டு இருந்தால் பெரியது மட்டும்தான் கணக்கு. உங்களுக்குக் கிடைத்த லாபம் 15 இல்லை, 2. அதாவது மாடிஃபையரில் (ஸ்டாட் இரண்டு ஏறினால் ஒன்று ஏறும் கூட்டு எண்) +1. இன்சைட், குவாலிட்டி எல்லாம் தனித்தனி வகை என்பதால் என்ஹான்ஸ்மென்ட்டோடு கூடும். உங்களிடம் இதுவரை இன்சைட் ஸ்ட்ரெங்த் எதிலும் இல்லையென்றால், பார்க்கச் சின்னதாகத் தெரியும் இன்சைட் +6 இந்த மோதிரத்தைவிட மூன்று மடங்கு தரும்.

அப்போ பெல்ட்டைத் தூக்கிடலாமா?

பெல்ட்டில் வேறென்ன இருக்கிறது என்று பார்க்காமல் தூக்காதீர்கள். அதில் கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) இருந்தால், லெவல் 30 கேரக்டருக்கு மாடிஃபையர் ஒன்று குறைந்தாலே 30 ஹெச்பி (உயிர்ப்புள்ளி) போய்விடும். ஒரு தாளில் ஸ்லாட் (கியர் போடும் இடம்) வாரியாக எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் பக்கத்தில் அதன் வகையையும் குறித்து வையுங்கள். எந்த வரி இரண்டு தடவை வருகிறதோ அங்கேதான் உங்கள் காலி இடம் இருக்கிறது.

பார்பேரியன் ஆடுறேன். ஃபால்ஷியன் வாளா, கிரேட் ஆக்ஸ் கோடரியா? ரெண்டுமே புதுசா வந்திருக்கு.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃபால்ஷியனுக்கு அடிப்படையில் 20 முகப் பகடையில் 18 முதல் 20 வரை விழுந்தால் கிரிட்டிகல், அதாவது டேமேஜ் இரண்டு மடங்கு. கிரேட் ஆக்ஸுக்கு 20 மட்டும், மூன்று மடங்கு. இம்ப்ரூவ்டு கிரிட்டிகல் ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்தால் இந்த வரம்பு இரட்டிப்பாகும்: ஒன்றுக்கு 15 முதல் 20, மற்றதற்கு 19 முதல் 20.

பகடையின் 20 முகமும் ஒவ்வொரு முறை விழுவதாக வையுங்கள். 1 விழுந்தால் அடி தவறும், மீதி 19 அடி. ஃபால்ஷியனில் ஆறு கிரிட்டிகல், ஒவ்வொன்றும் ஓர் அடியைக் கூடுதலாகத் தரும், மொத்தம் 25. ஆக்ஸில் இரண்டு கிரிட்டிகல், ஒவ்வொன்றும் இரண்டு அடியைத் தரும், மொத்தம் 23. ஒரு அடியின் டேமேஜ் சமமாக இருந்தால் ஃபால்ஷியன் முன்னே நிற்கும். ஆனால் உங்கள் பில்ட் (கேரக்டரை அமைத்த விதம்) கிரிட்டிகல் வரம்பை ஒன்று கூட்டினால் ஃபால்ஷியனுக்கு ஒன்றுதான் ஏறும், ஆக்ஸுக்கு இரண்டு ஏறும். அப்போது 26, 25 என்று நெருங்கிவிடும். ஆயுதத்தைத் தனியாக எடை போட முடியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. புது ஆயுதத்தில் 'கீன்' (இதுவும் கிரிட்டிகல் வரம்பை இரட்டிப்பாக்கும்) இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். உங்களிடம் இம்ப்ரூவ்டு கிரிட்டிகல் ஏற்கெனவே இருந்தால் அது கூடுதலாக எதுவும் தராது.

டேங்க் (முன்னால நின்னு அடி வாங்குற) பில்ட். 1000 ஹெச்பி, பிஆர்ஆர் (ஆயுத அடியைக் குறைக்கிற எண்) 200. புது ஆர்மர் +30 பிஆர்ஆர் தருது, பழசுல +100 ஹெச்பி. எது?

உங்கள் எண்களுக்கு இரண்டும் சமம்! 100ஐ, 100 கூட்டல் பிஆர்ஆரால் வகுத்தால் வரும் பங்குதான் உங்கள்மேல் விழும் அடி. 200இல் மூன்றில் ஒரு பங்கு. அப்படியென்றால் உங்கள் 1000 ஹெச்பி 3000 போல நிற்கிறது. 30 பிஆர்ஆர் ஏறினால் 3300. 100 ஹெச்பி ஏறினாலும் 1100ஐ மூன்றால் பெருக்க அதே 3300. பிறகு எதைத் தேர்வது? பிஆர்ஆர் மந்திர அடியைத் தடுக்காது, அதற்கு எம்ஆர்ஆர் வேண்டும். ஹெச்பியோ எல்லா அடிக்கும் உதவும். அதே சமயம், பிஆர்ஆர் கூடினால் ஹீலர் தரும் ஒவ்வொரு ஹீலும் அதிக நேரம் தாங்கும். மந்திரவாதிகள் நிறைந்த குவெஸ்டுக்குப் பழையது, வாளும் கோடரியுமாக வருபவர்களிடம் நிற்க புதியது. நானாக இருந்தால் இரண்டையும் பையில் வைத்திருப்பேன்.

மூணு பீஸ் செட் போட்டிருக்கேன். அதுல ஒண்ணைக் கழற்றி நல்ல நெக்லஸ் போட ஆசை.

நெக்லஸை அந்த ஒரு பீஸோடு ஒப்பிடாதீர்கள். அந்த பீஸோடு செட் போனஸ் (மூன்றையும் சேர்த்துப் போட்டால் கிடைக்கும் கூடுதல் பலன்) முழுவதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். பெரும்பாலான நேரம் செட்டே ஜெயிக்கும். விதிவிலக்கு உண்டு: செட் போனஸ் பல தடவை ஆர்ட்டிஃபாக்ட் வகையில் வரும். இரண்டு செட் ஒரே ஸ்டாட்டுக்கு ஆர்ட்டிஃபாக்ட் போனஸ் தந்தால் ஒன்று வீண்தான். உங்களுக்கு அப்படி இருந்தால் தயங்காமல் உடையுங்கள்.

விசார்டுக்கு +1 டிசி (மந்திரத்துல இருந்து தப்பிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) பெரிய விஷயமா?

பகடை 20 பக்கம் என்பதால் ஒரு டிசி 5 சதவீதப் புள்ளி. எதிரி பாதி நேரம் தப்பிக்கிறான் என்றால் மிகப் பெரிய விஷயம். 20 விழுந்தால் மட்டுமே தப்பிக்கும் எதிரியிடம் ஒன்றும் மாறாது. அங்கே மந்திரத்தின் டேமேஜைக் கூட்டும் ஸ்பெல் பவர் தேடுங்கள்.

டாட்ஜ் (அடியில இருந்து விலகுற வாய்ப்பு) கூட்டிக்கிட்டே போகலாமா?

உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் அந்த ஸ்லாட் வேறு எதற்காவது.

பழைய கியரை எல்லாம் வித்துடலாமா அண்ணா?

ரீஇன்கார்னேஷன் செய்யும் எண்ணம் இருந்தால் வேண்டாம். மறுபடி கீழ் லெவலில் இருந்து ஏறும்போது லெவல் 30 கியர் பூட்டியே கிடக்கும். நான் ஒரு முறை இடம் போதவில்லை என்று லெவல் 5, 10, 15க்கான நல்ல பொருட்களை விற்றுவிட்டு, அடுத்த பிறவியில் அதே குவெஸ்டுகளை அவற்றுக்காகவே திரும்பத் திரும்ப ஓடினேன். மிகவும் வருத்தமாக இருந்தது. லெவலுக்கு ஒரு ஆயுதம், ஒரு ஆர்மர், நல்ல மோதிரம் இரண்டு: இவ்வளவையாவது பேங்கில் போட்டு வையுங்கள் தம்பி.