பிறந்த வீடு ஹனஃபி, புகுந்த வீடு ஷாஃபிஈ

கேள்வி: ஜார்ஜ்டவுனில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் ஹனஃபி, கணவர் வீட்டில் ஷாஃபிஈ மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பள்ளி). கணவர் கை பட்டாலே ஒளு (தொழுகைக்கு முன் கழுவிச் செய்யும் தூய்மை) முறிந்துவிடும் என்கிறார் மாமி. அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்திலும் குழப்பம். இங்கே ஆக்கும் சோத்தோங் (கணவாய்) கறியைச் சாப்பிடவும் தயக்கமாக இருக்கிறது. இரண்டிலும் எளிதானதை எடுத்துக்கொண்டால் போதாதா?
– ஒரு வாசகி, பினாங்கு

பதில்: சகோதரி, நிக்காஹ் ஆனதால் மத்ஹபு மாற வேண்டியதில்லை. நீங்கள் ஹனஃபியாகவே இருக்கலாம். குர்ஆனிலிருந்தும் ஹதீஸிலிருந்தும் ஓர் இமாம் சட்டம் எடுத்த முறையை நம்பி, அதன்படி அமல் (வணக்கச் செயல்) செய்வதுதான் மத்ஹபைப் பின்பற்றுவது. திருக்குர்ஆன் 4:43இல் வரும் பெண்களைத் தீண்டுதலை இமாம் ஷாஃபிஈ தோலோடு தோல் படுவதாகக் கொண்டார்; ஹனஃபியில் அது தாம்பத்திய உறவு. ஆகவே மாமியின் ஒளு முறியும், உங்கள் ஒளு முறியாது. இருவருக்கும் ஆதாரம் இருக்கிறது.

எளிதானதைப் பொறுக்குவதில்தான் சிக்கல். ஒளு செய்த பின் கணவர் கை படுகிறது. அடுத்து கத்தி பட்டு விரலில் ரத்தம் வழிகிறது. ரத்தம் வழிந்தால் ஹனஃபியில் ஒளு முறியும், ஷாஃபிஈயில் முறியாது. முதலாவதற்கு ஹனஃபி, இரண்டாவதற்கு ஷாஃபிஈ என்று சொல்லித் தொழுதால், அந்த ஒளு இரண்டு இமாம்களிடமும் செல்லாது. இப்படிக் கலப்பதைத்தான் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) தல்ஃபீக் என்று தடுக்கிறார்கள். ஓர் அமலைத் தொடங்கினால் முடியும்வரை ஒரே மத்ஹபில் நில்லுங்கள்.

பேணுதல் வேண்டுமென்றால் இருவருக்கும் பொருந்தும்படி ஒளு செய்யுங்கள். நிய்யத்தும் (மனதில் எண்ணம் வைப்பதும்) வரிசையும் ஷாஃபிஈயில் பர்ளு (கட்டாயம்). தலையில் கால் பங்கு மஸஹு செய்வது (ஈரக் கையால் தடவுவது) ஹனஃபியில் பர்ளு. நிய்யத் வைத்து, வரிசை தவறாமல், தலை முழுக்கத் தடவினால் இரண்டும் நிறைவேறிவிடும்.

அஸர் விஷயம் நீங்கள் நினைப்பதைவிட லேசானது. மலேசிய நேர அட்டவணை ஷாஃபிஈ கணக்கு: உச்சிப்பொழுது நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும் நேரம். ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபாவிடம் அது இரண்டு மடங்கு. நம் ஊரில் சுமார் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஆனால் அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃப், முஹம்மது இருவருமே ஒரு மடங்கு என்றார்கள். எனவே பாங்கு சொன்னதும் வீட்டாரோடு ஜமாஅத்தாகத் தொழுவதற்கு ஹனஃபிக்குள்ளேயே இடமிருக்கிறது. சுபுஹில் (அதிகாலைத் தொழுகையில்) கணவர் குனூத் (நின்றபடி கேட்கும் துஆ) ஓதினால் பேசாமல் நில்லுங்கள்.

ஷாஃபிஈக்கே மாற விரும்பினால் முதலில் ஓர் ஆலிமிடம் தொழுகைச் சட்டங்களை முழுதாகப் படியுங்கள். மாறுபவர்கள் அதிகம் தவறுவது ஃபாத்திஹாவில் (குர்ஆனின் முதல் அத்தியாயம்). ஷாஃபிஈயில் பிஸ்மில்லாஹ்வும் அதன் ஓர் ஆயத்து (வசனம்), விட்டால் தொழுகை கூடாது. இமாமுக்குப் பின்னாலும் ஃபாத்திஹா ஓதியாக வேண்டும். ஹனஃபியில் மௌனமாக இருந்து பழகியவர்களுக்கு இது மறந்துபோகும்.

கடல் உணவில் ஹனஃபிக்கு மீன் மட்டுமே ஹலால். சோத்தோங், நண்டு ஆகாது; இறாலில் ஹனஃபி ஆலிம்களிடையே இரு கருத்து உண்டு. ஹனஃபியாக இருக்கும்வரை சோத்தோங்கைத் தவிர்த்துவிடுங்கள். மாமி ஆக்கிச் சாப்பிடுவதை ஹராம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் மத்ஹபில் அது ஹலால்.