ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இறங்கும் பெட்ரோல் பிரஷர்

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரின் ப்யூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து கொடுக்கும் குழாய்) பிரஷர் கேஜ் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். ஐடிலிங்கில் 2.4 பார். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் 3 பார். காலை எடுத்து வேகம் குறையும்போது 2.2 பாருக்கு இறங்கிவிடுகிறது. பம்ப் பலவீனமாகிவிட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களுமே பம்ப் நன்றாக இருப்பதைத்தான் காட்டுகின்றன.

உங்கள் காரில் ரெயிலின் முனையில் ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அதிலிருந்து மெல்லிய வேக்கம் ஹோஸ் ஒன்று இன்டேக் மேனிபோல்டுக்கு, அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்க்குப் போகும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஒரு பக்கம் ரெயில், மறு பக்கம் மேனிபோல்டு. இரண்டுக்கும் நடுவே எப்போதும் 3 பார் வித்தியாசம் இருக்க வேண்டும். அதைக் காப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. காலை எடுத்ததும் காற்று வழியிலுள்ள த்ராட்டில் மூடிக்கொள்கிறது, எஞ்சினோ சுற்றிக்கொண்டே உறிஞ்சுகிறது. மேனிபோல்டில் வேக்கம் (வெளிக்காற்றைவிட அழுத்தம் குறையும் அளவு) ஐடிலிங்கைவிடக் கூடி 0.8 பார் வரை போகும். ரெகுலேட்டர் ரெயிலிலும் அதே அளவைக் குறைக்கிறது. 3-இல் 0.8 போனால் 2.2. கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவதால் அது உங்களுக்குக் குறைவாகத் தெரிகிறது. இன்ஜெக்டருக்கு அப்போதும் அதே 3 பார்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். காலை எடுத்த நிலையில் பெரும்பாலும் எஞ்சினை நடத்தும் கணினியான இசியூ இன்ஜெக்டர்களையே மூடிவிடும். எஞ்சின் பெட்ரோல் குடிக்காத அந்த நேரத்தில் பம்ப் அனுப்புவதெல்லாம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. பலவீனமான பம்ப் மாட்டிக்கொள்ளும் இடம் இதுவல்ல; மேட்டில் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதுதான் அது திணறும். அங்கே உங்களுக்கு 3 பார் நிற்கிறதே!

சந்தேகம் தீரவில்லையென்றால் ஐடிலிங்கில் அந்த வேக்கம் ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டுக் கேஜைப் பாருங்கள். பிரஷர் உடனே 3-க்கு ஏற வேண்டும். நான் எந்த வண்டியிலும் முதலில் செய்வது இதைத்தான். ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாபிரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது. பம்பை விட்டுவிட்டு அதை மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், கேஜை ஹோஸோடு காருக்குள் கொண்டுவந்து வைத்து ஓட்டாதீர்கள். சின்னக் கசிவுகூடத் தீயில் முடியும். கண்ணாடிக்கு வெளியே கட்டுங்கள், பார்ப்பதற்குப் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள்.

கேள்வி: என்னுடையது புதிய கார். காலை எடுத்தாலும் பிரஷர் இறங்குவதே இல்லை. இது கோளாறா?

பதில்: இல்லை. ரிட்டர்ன் லைன் இல்லாத வண்டிகள் பலவற்றில் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, மேனிபோல்டோடு அதற்குத் தொடர்பு கிடையாது. பிரஷர் ஒரே அளவில் நிற்கும். வேக்கம் மாறுவதை இசியூ கணக்கிட்டு இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். காலை எடுத்த கணத்தில் முள் லேசாக மேலே போய்த் திரும்பினாலும் பயம் வேண்டாம். செலவு சட்டென்று நின்றதால் வரும் ஏற்றம் அது. மறுபடி மிதிக்கும்போது பிரஷர் சரிந்து, மெதுவாக மேலே வந்தால் மட்டும் பில்டரையும் பம்பையும் பாருங்கள்.