பழைய பூங்காவுக்குப் பணம் திரட்டித் தர ஆலோசகருக்குக் கமிஷன் கொடுக்கலாமா?

கேள்வி: சென்னையில் எங்கள் பகுதியில் வெள்ளைக்காரர் காலத்துப் பூங்கா ஒன்று இருக்கிறது. நடைபாதை பெயர்ந்துவிட்டது, பழைய இரும்பு வேலி துருப்பிடித்துச் சாய்கிறது. மண்டல அலுவலகத்தில் கேட்டால் 'நிதி இல்லை' என்கிறார்கள். ஆலோசகர் ஒருவர், எங்கள் குடியிருப்போர் சங்கம் பூங்காவைத் தத்தெடுத்தால் கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் பணம் (சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பத்து சதவீதம் கமிஷன், அதில் பாதி முன்பணமாம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

காரணம் எளிது. சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளும், சிஎஸ்ஆர் வேலை செய்வதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். இதே மாதிரி வேலையை மூன்று ஆண்டுகளாவது செய்த அனுபவமும் கேட்பார்கள். தண்ணீர் லாரிக்கும் கொசு மருந்துக்கும் அலையும் குடியிருப்போர் சங்கத்திடம் பெரும்பாலும் இவை இருக்காது. அந்த ஆலோசகருக்கும் இது தெரியும். 'பதிவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பார். அதற்குத் தனி பில் வரும். உண்மையில் பணம் போட விரும்பும் கம்பெனி, மாநகராட்சியோடு நேரடியாகவே ஒப்பந்தம் போடலாம். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவை சுந்தரம் ஃபைனான்ஸ் பல ஆண்டுகள் பராமரித்ததைப் பார்த்திருப்பீர்கள். தத்தெடுப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. நடுவில் நிற்கும் ஆள்தான் தேவையில்லை.

சரி, பிறகு யார் பொறுப்பு? மாநகராட்சிதான். நகரப் பூங்காக்கள் உள்ளாட்சியின் பணிகளில் ஒன்று என்று அரசியலமைப்பின் 12-வது அட்டவணை சொல்கிறது. நீங்கள் சொத்துவரி கட்டுகிறீர்கள். கவுன்டரில் வாய்மொழியாகச் சொல்லும் 'நிதி இல்லை' ஒரு பதிலே அல்ல.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மூன்று கேள்விகள் கேளுங்கள். பூங்காவின் டவுன் சர்வே எண்ணும் (நில அளவைப் பதிவேட்டு எண்) பரப்பும் என்ன? 1959-ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரித்த பட்டியலில் இது உண்டா? கடந்த ஐந்து ஆண்டுகளில் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, எந்த ஒப்பந்ததாரருக்குப் போனது? முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். இந்த ஒரு வரியை எழுதுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்களோ என்னவோ!

மூன்றாவது பதிலைக் கவனமாகப் படியுங்கள். 'நிதி இல்லை' என்ற பூங்காவுக்கு மாதாமாதம் பில் பாஸாகியிருந்தால் உங்கள் சண்டை வேறு.

பரப்பு தெரிந்ததும் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். மூலையில் டிரான்ஸ்ஃபார்மர், பம்ப் ரூம், வார்டு அலுவலகம், குப்பை வண்டி நிறுத்தம் என்று எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். தனியார் ஆக்கிரமிப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். பூங்காக்களை அதிகம் தின்றது அரசுதான். இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் கவர்னர் டிரெவெல்யன் 1859-ல் தொடங்கிய பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், அப்புறம் நேரு ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக அதற்குள் எழும்பின. நீங்கள் மனு கொடுக்கப் போகும் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையே அந்தப் பூங்கா நிலத்தில்தான் நிற்கிறது.

பாரம்பரிய அந்தஸ்து வாங்கித் தருகிறேன் என்றும் யாராவது வருவார்கள். பழைய கட்டடங்களையும் இடங்களையும் காக்க வந்த தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறி, நடைமுறைக்கு வரவே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதை நம்பி வேலியைச் சாய விடாதீர்கள்.

மக்கள் கைப்பணம் போடுவதில் நியாயம் இருக்கும் ஓர் இடம் உண்டு: நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் திரட்டினால் மீதியை அரசு போடும். பூங்காப் பணிகளும் இதில் வரும். ஆறு லட்சம் மதிப்பீடு என்றால் உங்கள் பங்கு இரண்டு லட்சம். ஆனால் மதிப்பீட்டை வாங்கி வரிவரியாகப் படிக்காமல் வசூலைத் தொடங்காதீர்கள். பழைய வார்ப்பிரும்பு வேலியை 'அகற்றி அப்புறப்படுத்துதல்' என்று ஒரு வரி இருக்கும். அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், பதிலுக்கு எவர்சில்வர் கம்பி வரும். வேலியைப் பழுது பார்த்து அதே இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். 'பேவர் பிளாக்' என்ற சொல் எங்கே வந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். மரத்தின் அடிவரை பிளாக் பதித்து, தூரைச் சுற்றி சிமென்ட் பூசிவிட்டுப் போவார்கள். வேருக்குத் தண்ணீர் இறங்காது. பங்குத்தொகையை மாநகராட்சிக் கணக்கில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். ஒப்பந்ததாரர் கையிலோ ஆலோசகர் கையிலோ கொடுத்தால் அது நன்கொடைகூட ஆகாது. தோட்டக்காரர் சம்பளமும் காவலாளி சம்பளமும் மட்டும் மாநகராட்சி பட்ஜெட்டிலிருந்தே வரட்டும். அதை ஒருமுறை சங்கம் ஏற்றுக்கொண்டால் காலத்துக்கும் உங்கள் தலையில்தான்.

கம்பெனி ஏதாவது தானாக வந்தால், ஒப்பந்த நகலை வாங்கி விளம்பரப் பலகையின் அளவு, உள்ளே கடை வைக்கும் உரிமை, ஆண்டுக் கணக்கு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

மாநகராட்சி பட்ஜெட் ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும். தகவல் உரிமை மனுவுக்கு வந்த பதிலை இணைத்து, டிசம்பருக்குள் கவுன்சிலருக்கும் பூங்காத் துறைக்கும் மனு கொடுத்து, சீல் போட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.