பெரிய கோயிலுக்கு நாற்பது நிமிடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். ஆண்டிறுதி விடுமுறையில் அம்மா, கணவர், பிள்ளைகளோடு தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போகிறோம். எட்டு நாள் பேக்கேஜ். சென்னை, மாமல்லபுரம், காஞ்சி, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சை, திருச்சி, மதுரை. கூடவே வழிகாட்டி வருவார். பயணத்திட்டத்தை இணைத்திருக்கிறேன். கடாரத்தை வென்ற நம் ராஜேந்திரனின் பெருமையைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை. அம்மாவுக்கு முட்டி வலி. இப்படிக் குழுவோடு போகலாமா, தனியாகக் கார் எடுத்துக்கொள்ளலாமா? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

தமிழ்நாட்டுக்குப் போய்ப் பட்டினியோடு திரும்பியவர் யாரையும் நான் பார்த்ததில்லை, அந்தக் கவலையை விடுங்கள். திருச்சி மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேல் படிகள். அம்மாவைக் கீழே மாணிக்க விநாயகர் சந்நிதியோடு நிறுத்திவிடுங்கள். பகலில் கருங்கல் தரை சுடும், செருப்பும் வாசலோடு சரி. அதனால் கோயில்களுக்குக் காலையிலோ மாலையிலோ போங்கள். காரா குழுவா என்பது உங்கள் கைக்காசைப் பொறுத்தது.

பயணத்திட்டத்தைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கடை, இரண்டு மணி நேரம். தஞ்சைப் பெரிய கோயில், நாற்பது நிமிடம். இதைப் படித்துவிட்டா முன்பணம் கட்டினீர்கள்?

நானும் இப்படி ஒரு குழுவோடு போனவன்தான். வழிகாட்டி நல்ல மனிதர், கணீரென்ற குரல். பெரிய கோயில் விமானத்தின், அதாவது கருவறை மேல் நிற்கும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது, அதுதான் சோழர் விஞ்ஞானம் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். வெயிலுக்கு ஒதுங்கி அத்தனை பேரும் நின்றிருந்ததே அந்த விமானத்தின் நிழலில்தான். அறுபது மீட்டர் உயரக் கருங்கல் நிழல் விழாமல் எங்கே போகும்? 1010இல் ராஜராஜன் முடித்த வேலை அது. அதற்கு ஒரு பொய்யை வேறு முட்டுக் கொடுக்க வேண்டுமா? அப்புறம் கைதட்டி, பஸ் காத்திருக்கிறது என்று கூப்பிட்டுவிட்டார்.

அவர் காட்டாமல் விட்டது கல்வெட்டுகள் நிறைந்த சுவரை. உங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல நேரமிருந்தால் இதைச் சொல்லுங்கள். கோயில்களில் ஆடிப் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துத் தஞ்சையில் ராஜராஜன் குடியமர்த்தினான். நானூறு பேரின் பெயரும் கல்லில் இருக்கிறது. யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களுக்குப் பின்னால் நட்டுவனார், பாடுவோர், கணக்கர், தையல்காரர், நாவிதர், வண்ணார், குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர் என்று பட்டியல் நீள்கிறது.

என் அப்பா இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தார். விடியுமுன் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே குறி போடுவார். சிறுவனாக அந்தப் புத்தகத்தை எட்டிப் பார்த்திருக்கிறேன். பெயர், வயது, எந்த லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம். தஞ்சைக் கல்வெட்டின் அச்சுப்படியை முதலில் வாசித்தபோது, இது செக்ரோல்தானே என்றுதான் தோன்றியது. அரசனின் செக்ரோல் கல்லில் நிற்கிறது. எங்கள் தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோது, ஆபீசிலிருந்த அந்தப் புத்தகங்களைக் குப்பையோடு கொளுத்திவிட்டார்கள். அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அந்தக் கல்வெட்டில் ஒரு விதி உண்டு. பங்கு பெறுபவர் இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு வேலையைச் செய்ய வேண்டும். ஊரை விட்டுப் போனவருக்கும் அந்தச் சுவரில் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நாற்பது நிமிடம் நின்றால் போதுமா?

இனி உங்கள் ராஜேந்திரன். 1025இல் அவன் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. கொள்ளையிட்ட ஊர்களின் பட்டியலும் அதே பெரிய கோயில் சுவரில்தான் இருக்கிறது. வென்ற பெருமை என்கிறீர்கள். தங்கச்சி, அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா, நீங்கள் குடியிருப்பது கடாரத்தில். அடி வாங்கியது உங்கள் ஊர். உங்கள் தாத்தா இங்கே வந்தது படைத்தலைவனாக அல்ல, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால். சோழனைப் பார்த்து வியந்துகொள்ளுங்கள், நானும் வியக்கிறேன். அவன் வாளை மட்டும் நம் வீட்டுச் சொத்தாக்க வேண்டாம்.

சரி, மெர்போக் போயிருக்கிறீர்களா? உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் கூட ஆகாது. அங்குள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியை (சண்டி என்றால் பழங்காலக் கோயில்) 1930களில் ஆங்கிலேய ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரத்தியும் தோண்டினார்கள். குனோங் ஜெராய் அடிவாரத்தில் கல் அடித்தளம் முழுசாக நிற்கிறது. பக்கத்துச் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. ராஜேந்திரன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே துறைமுகமும் கோயிலும் இருந்தன. அவற்றில் ஒன்று, பதினோராம் எண் சண்டி. 2013இல் வீட்டு மனைக்காக நிலத்தைச் சமன்படுத்தியவர்கள் அதை இடித்துத் தள்ளினார்கள். ஃபேஸ்புக்கில் நம்மவர்கள் கொதித்தார்கள். கொதித்தவர்களில் சிலரிடம் அது எங்கே இருந்தது என்று கேட்டேன். போய்ப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியம் என்று எண்ண வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுச்சுவரை 1836இல் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் பெயர்த்தெடுத்துக் கொள்ளிடம் ஆற்றில் கீழணை கட்டினார்கள். வழிகாட்டி அதைச் சொல்வாரா என்று பாருங்கள். சொன்னால் நல்ல வழிகாட்டி, கையில் கூடுதலாகக் கொடுங்கள்.

ஏஜெண்டுக்கு இன்றே போன் செய்து, பட்டுக்கடையை எடுத்துவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தைத் தஞ்சையில் சேர்க்கச் சொல்லுங்கள். கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கும், முனகுவார். விடாதீர்கள். தாராசுரத்தையும் அவசரமாகப் பார்க்க வேண்டாம். அடித்தளத்தில் நாயன்மார் கதைகள் முழங்கால் உயரத்தில் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கின்றன. பிள்ளைகளுக்குக் குனியாமலே தெரியும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். முட்டி வலித்தால் அவர் நிழலில் உட்காரட்டும், பிள்ளைகள் மட்டும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும்.