பவர் சப்ளை வாங்கும்போது உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: என் கம்ப்யூட்டருக்கு 650 வாட்ஸ் பவர் சப்ளை இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் பெட்டியில் ‘முழுக்க ஜப்பான் கெப்பாசிட்டர்கள்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, மற்றதில் அப்படி எதுவும் இல்லை. முதலாவதையே வாங்கிவிடலாமா?

பதில்: அந்த ஒரு வரிக்காக வாங்காதீர்கள். கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பாகம். நிப்பான் கெமிகான், ரூபிகான், நிச்சிகான் என்ற ஜப்பான் கம்பெனிகள் எல்லாம் நல்ல பெயர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே கம்பெனியிலேயே நீண்ட ஆயுள் உள்ள வரிசையும் உண்டு, சாதாரண வரிசையும் உண்டு, பெட்டியில் அதைச் சொல்ல மாட்டார்கள். 85 டிகிரிக்கானதா 105 டிகிரிக்கானதா என்று பாருங்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கணக்கு, அதனால் காற்றே போகாத மூலையில், கொதிக்கிற ஹீட்சிங்கை (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டி வைத்தால் எந்த ஊர் கெப்பாசிட்டரும் சீக்கிரம் வீங்கும். அப்புறம் அளவு, அதாவது எவ்வளவு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் என்பது. கரண்ட் ஒரு நொடியின் சிறு துளி நேரம் விட்டு வந்தாலும் கம்ப்யூட்டர் அணையாமல் தாங்குவது கரண்ட் நுழையும் பக்கத்தில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரால்தான். கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் என்ற பொது வழிகாட்டி வெகுகாலமாகக் கேட்டு வந்தது 16, 17 மில்லிசெகண்ட். பெயர் ஜப்பானாக இருந்து அளவு சின்னதாக இருந்தால் இந்த நேரம் கிடைக்காது.

என்னைக் கேட்டால் கெப்பாசிட்டரின் பெயருக்கு முன் பாதுகாப்புகளைத்தான் பார்ப்பேன். ஷார்ட் ஆனால், வோல்டேஜ் ஏறினால், லோடு மிஞ்சினால், உள்ளே சூடு கூடினால் தானாக நிற்குமா? இந்தக் கடைசிப் பாதுகாப்பைத்தான் மலிவான மாடல்களில் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கழற்றி நானே பார்த்துவிட்டால் தெரிந்துவிடாதா?

பதில்: தயவுசெய்து கழற்றாதீர்கள். அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல், பல மாடல்களில் 400 வோல்ட்டை ஒட்டியே டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கலாம், கை பட்டால் உயிருக்கே ஆபத்து. வாரண்டி போவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதே மாடலைப் பிரித்துக் காட்டிய படங்களைத் தேடுங்கள், ஆனால் வாட்ஸும் அதேயாக இருக்கட்டும், ஏனென்றால் ஒரே வரிசையில் 550 ஒரு தொழிற்சாலையிலும் 850 வேறொன்றிலும் தயாராகியிருக்கலாம். படத்தில் முதலில் கரண்ட் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே கரண்டின் இரைச்சலை வடிக்கும் ஃபில்டருக்கான காயில்களும் கெப்பாசிட்டர்களும், மின்னல் போன்ற திடீர் ஏற்றத்தைத் தடுக்கும் வட்டத் தகடு போன்ற எம்ஓவியும் இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு மட்டமான சப்ளையில் போர்டில் இடம் அச்சடித்திருந்தார்கள், பாகம் இல்லை, காயில் வர வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு. மிச்சம் பிடித்த காசு அங்கேதான் இருந்தது, அன்றிலிருந்து எந்தப் படத்திலும் காலி இடங்களைத்தான் முதலில் தேடுகிறேன்.

அப்புறம் மறுபக்கம், அதாவது கம்ப்யூட்டருக்கு வயர்கள் வெளியேறும் பக்கம். நிமிர்ந்து நிற்கும் சின்ன போர்டு ஒன்றோ இரண்டோ தெரிந்தால் பெரும்பாலும் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் 12 வோல்ட்டிலிருந்து தனியாக டிசி-டிசி முறையில் எடுக்கப்படுகின்றன, நல்லது. அது இல்லாமல் பெரிய வளையக் காயில் ஒன்றும் சின்னது ஒன்றும் மட்டும் இருந்தால் பழைய குரூப் ரெகுலேஷன். அதில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கிராபிக்ஸ் கார்டு 12 வோல்ட்டை மட்டும் இழுக்கும்போது 5 வோல்ட்டும் ஆட்டம் காணும். கேம் ஆடுகிற கம்ப்யூட்டருக்கு இது வேண்டாம்.

போர்டின் அடிப்பக்கப் படம் கிடைத்தால் சால்டரிங்கையும் பாருங்கள், கால்கள் நீளமாக வெட்டாமல் நின்றால் அவசர வேலை.

கேள்வி: 80 பிளஸ் கோல்டு சான்றிதழ் இருக்கிறதே, அது போதாதா?

பதில்: அது சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டும்தான். 115 வோல்ட் சோதனையில் கோல்டுக்கு 20, 50, 100 சதவீத லோடுகளில் 87, 90, 87 சதவீதம் வந்தால் சரி. ரிப்பிள் (வெளிவரும் வோல்டேஜில் இருக்கும் சின்ன ஏற்ற இறக்கம்) எவ்வளவு, பாதுகாப்புகள் வேலை செய்கின்றனவா என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. ரிப்பிளுக்கு ஏடிஎக்ஸ் வரம்பு 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5, 3.3 வோல்ட்டுகளில் 50. நல்ல சப்ளை இதில் பாதிகூடத் தொடாது.

கேள்வி: படமே கிடைக்காத மாடல் என்றால்?

பதில்: ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 500 வாட்ஸ் என்று போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் மட்டும் இருந்தால் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 360 வாட்ஸ்தான், இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். பின்பக்கம் 115/230 என்று வோல்டேஜை மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் பழைய வடிவமைப்பு, விட்டுவிடுங்கள்.